ஒரு பிளாக் கள்ளும் ஒரு கிளாஸ் தேத்தண்ணியும்

பொலிஸார் வாடிக்கையாளர் வேடத்தில் ஆள் அனுப்பிப் பிடித்தார்கள் என்று பத்திரிகையில் வாசித்தால் இன்று எல்லாருக்கும் ஐஸும் ஹெரோயினும்தான் ஞாபகத்துக்கு வரும். எனக்குக் கள்ளு முட்டி ஞாபகத்துக்கு வரும். நான் வடமராட்சியில் ஒரு சீவல் தொழிலாளியின் பேரன். பருத்தித்துறை, சாவகச்சேரி நீதவான் நீதிமன்றங்களில் வழக்குப் பேசியே தலை நரைத்த சட்டத்தரணி. பொறியில் அகப்பட்ட வீட்டிலும் வளர்ந்தேன், பொறி வைத்தவர்களைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணையும் செய்தேன். அந்த உரிமையில் இதை எழுதுகிறேன்.

பிரித்தானியர் காலத்தில் முதலில் இருந்தது குத்தகை முறை. சாராயமும் கள்ளும் விற்கும் உரிமையை அரசாங்கம் ஏலத்தில் விடும், எடுத்தவர் தன் ஆட்களை வைத்துப் பார்த்துக்கொள்வார். 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம் அதை மாற்றியது. தனியான திணைக்களம் வந்தது, சோதனை செய்யவும் கைது செய்யவும் அதிகாரம் உள்ள உத்தியோகத்தர்கள் வந்தார்கள். எங்கள் ஊரில் அவர்களுக்குப் பெயர் எக்சைஸ்காரர். சீவுவதற்கு அனுமதி, கொண்டுபோவதற்கு அனுமதி, விற்பதற்கு அனுமதி என்று ஒரே முட்டிக்கு மூன்று கடவை. தவறணை, மரவரி என்று பிறகு முறைகள் மாறின. ஆனால் அனுமதியில்லாமல் விற்றவன் குற்றவாளி, வாங்கிக் குடித்தவன் வெறும் சாட்சி என்ற ஏற்பாடு மட்டும் அசையவில்லை.

சட்டம் எழுதியவர்களுக்குப் பனையின் சங்கதி எவ்வளவு தெரிந்திருக்கும் என்று எனக்குச் சந்தேகம் உண்டு. மாசி, பங்குனியில் பாளை வந்தால் ஆடி மட்டும் மரத்துக்கு ஓய்வில்லை. என் பாட்டனார், நாங்கள் அப்பு என்பவர், விடியமுன் ஒருதரம் ஏறுவார், பின்னேரம் ஒருதரம். இடுப்பில் இயனக்கூடு, அதற்குள் பாளைக்கத்தி, காலில் தளைநார். பாளை நுனியை மெல்லிசாகச் சீவி முட்டியைக் கட்டிவிட்டு இறங்குவார். முட்டியின் உட்பக்கம் சுண்ணாம்பு பூசியிருந்தால் ஊறுவது கருப்பணி. காய்ச்சினால் பனங்கட்டி, பிள்ளைகளுக்கும் வார்த்துக் கொடுக்கலாம். சுண்ணாம்பு இல்லாவிட்டால் அதே சாறு மரத்திலேயே புளிக்கத் தொடங்கிக் கீழே வரும்போது கள்ளாக இருக்கும். ஒரு விரல் சுண்ணாம்புக்கு இந்தப் பக்கம் உணவு, அந்தப் பக்கம் மதுவரிக் குற்றம். அந்தக் கோட்டின் மேல் நாளுக்கு இரண்டு தரம் ஏறி இறங்கி வாழ்ந்தவர்கள் எங்கள் ஆட்கள்.

மரம் பெரும்பாலும் வெள்ளாளருடையது. ஏறுகிறவர்கள் நளவரும் பள்ளரும். குடிக்கிறவர்கள் எல்லாச் சாதியிலும் இருந்தார்கள். தவறணையில் போய் நின்றால் மதிப்புக் குறைந்துவிடும் என்று நினைத்தவர்கள் இருட்டின பிறகு சீவல்காரன் வளவுக்கு வருவார்கள். வேலிக்கு வெளியே நின்று கேட்பார்கள், பனையோலைப் பிளாவில் வாங்கிக் குடிப்பார்கள், பிளாவை எறிந்துவிட்டுப் போவார்கள். ஓலைப் பிளாவில் ஒரு வசதி இருந்தது: எங்கள் வீட்டுப் பாத்திரத்தில் வாய் வைக்கத் தேவையில்லை. 1920களில் மதுவிலக்குப் பேச்சு குடாநாடு முழுக்கச் சூடுபிடித்திருந்தது. யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ்காரரும் அதைப் பேசினார்கள், அவர்களில் பலர் சொன்னதைச் செய்தவர்கள். பகலில் மேடை, பின்னேரம் வேலிக்கரை என்று இருந்த கனவான்களைப் பற்றியும் எங்கள் ஊரில் கதைக்குக் குறைவில்லை.

எக்சைஸ்காரர் அந்த வேலிக்கரையில்தான் பொறி வைத்தார்கள். சீருடையோடு வந்தால் நாய் குரைக்க முன்னமே பிள்ளைகள் கூக்காட்டிவிடும், முட்டி கிணற்றுக்குள் போய்விடும். ஆகவே குடிக்க வருகிற ஆளைப்போலவே ஒருவரை அனுப்பவேண்டும். எப்படிப்பட்ட ஆளை என்பதை ஆச்சி வாயால் பலமுறை கேட்டிருக்கிறேன்.

இரண்டாம் உலக யுத்தத்துக்குச் சற்று முந்திய ஒரு பின்னேரம். வெள்ளை வேட்டி, தோளில் மடித்த சால்வை, நெற்றியில் திருநீறு. மந்திகைக்கு ஒரு அலுவலாக வந்தவராம்.

“எடே, ஒரு பிளா வார்.”

“நயினார், இது தவறணைக்குக் கொண்டுபோறது. கோவிக்கக் கூடாது.”

“எனக்கு இல்லையெண்டோ சொல்லுறாய்?”

அப்பு ஒன்றும் பேசவில்லையாம். முட்டியைச் சரித்து வார்த்தார். வந்தவர் நின்ற நிலையில் அரைவாசி குடித்தார், மிச்சத்தைக் கையில் வைத்துக்கொண்டே ஒரு இருபத்தைந்து சதக் குத்தியை நிலத்தில் போட்டார். கையில் கொடுக்கிற வழக்கம் இல்லை. அப்பு குனிந்து அதை எடுத்தபோது ஒழுங்கைக்குள் இருந்து இரண்டு பேர் வந்தார்கள். குத்தியின் விளிம்பில் கத்தியால் ஒரு கீறல் முன்கூட்டியே போட்டிருந்தது. அரைப் பிளாக் கள்ளைப் போத்தலில் ஊற்றி அரக்கு முத்திரை வைத்தார்கள். சால்வைக்காரர் அப்புவின் முகத்தைப் பார்க்காமல் வேலியில் சாய்ந்து சுருட்டுப் பற்றவைத்தார் என்பதை ஆச்சி கடைசி மட்டும் மறக்கவில்லை.

நீதிமன்றத்தில் அப்பு சொன்னது நாலு சொல்: “ஓம் ஐயா, நான் குடுத்தனான்.” அபராதம். கட்டுவதற்கு மரச் சொந்தக்காரரிடமே கடன், அந்தக் கடனுக்கு அடுத்த பருவச் சீவல்.

சட்டக் கல்லூரிக்குப் போன பிறகு இந்த வழக்கை மனதுக்குள் எத்தனையோ தரம் திருப்பி வாதாடியிருக்கிறேன். 1895ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்றுக் கட்டளைச் சட்டத்தில் 25ஆம் பிரிவு இருக்கிறது. பொலிஸாரிடம் செய்த குற்ற ஒப்புதல் செல்லாது என்று எல்லாருக்கும் தெரியும். மதுவரிக் குற்றம் பற்றி மதுவரி உத்தியோகத்தரிடம் செய்த ஒப்புதலும் செல்லாது என்று அதே பிரிவு சொல்கிறது. அப்புவுக்கு அது உதவாது, அவர் நீதவானிடமே ஒப்புக்கொண்டுவிட்டார். “என்னை இழுத்துவிட்டார்கள்” என்று வாதாட இடம் உண்டா? 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை பைத்தியத்துக்கு இடம் வைத்திருக்கிறது, தற்காப்புக்கு வைத்திருக்கிறது, அற்பக் கெடுதிக்குக்கூட வைத்திருக்கிறது. அரசாங்கமே ஆள் அனுப்பிக் குற்றம் செய்வித்ததற்கு ஒரு விதிவிலக்கும் இல்லை. நாங்கள் பார்த்துப் படித்த இங்கிலாந்திலும் இல்லை. 1947இல் பிரான்னன் எதிர் பீக் வழக்கில் மதுக்கடைக்குள் சாதாரண உடையில் போய்ப் பந்தயம் கட்டிய பொலிஸ்காரனைப் பிரதம நீதியரசர் கொடாட் கடுமையாகக் கண்டித்தார். ஆனால் 1979இல் சாங் வழக்கில் பிரபுக்கள் சபை, பொறியில் விழுத்தியது எதிர்வாதம் ஆகாது என்று முடிவாகச் சொல்லிவிட்டது.

அமெரிக்காவில் வேறு மாதிரி. அங்கே மதுவிலக்கு நாடு முழுக்க இருந்த காலம். 1930இல் வட கரோலைனா மலைநாட்டில் சொரெல்ஸ் என்பவர் வீட்டுக்கு ஒரு மதுவிலக்கு உத்தியோகத்தர் உல்லாசப் பயணி வேடத்தில் போனார். கொஞ்சம் விஸ்கி கிடைக்குமா என்று கேட்டார். இல்லை என்றார் சொரெல்ஸ். பேச்சு முதலாம் உலக யுத்தத்துக்குப் போயிற்று, இருவரும் ஒரே படைப்பிரிவில் இருந்தவர்கள் என்று தெரிந்தது. திரும்பவும் கேட்டார், திரும்பவும் இல்லை. பழைய படைத்தோழன் என்று மறுபடி கேட்டபோது சொரெல்ஸ் வெளியே போய் அரைக் கலன் விஸ்கி கொண்டுவந்து ஐந்து டொலருக்குக் கொடுத்தார். கைதானார். 1932 டிசம்பரில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், குற்றத்தின் யோசனையே அரசாங்க ஆளிடமிருந்து வந்திருந்தால் அந்த மனிதனைத் தண்டிக்க முடியாது என்ற வாதத்தை முதன்முறையாக ஏற்றுக்கொண்டது.

இந்தத் தீர்ப்பை முதலில் வாசித்தபோது எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. பண்டமும் ஒன்று, வேடமும் ஒன்று, காலமும் ஏறக்குறைய ஒன்று. சொரெல்ஸால் மறுக்க முடியாமல் போனதற்குக் காரணம் படைத்தோழமை. அதைப் புரிந்துகொள்ள வாஷிங்டனில் நீதிபதிகள் இருந்தார்கள். அப்புவால் மறுக்க முடியாமல் போனதற்குக் காரணம் தோளில் கிடந்த சால்வை. அதைப் பருத்தித்துறையில் எல்லாரும் அறிவார்கள், ஒருவரும் பதிவேட்டில் எழுதவில்லை.

அமெரிக்க நீதிமன்றங்கள் பிறகு, அந்த ஆளுக்கு முன்னமே குற்ற நாட்டம் இருந்ததா என்ற கேள்விக்குள் போய்ச் சிக்கிக்கொண்டன. அப்புவுக்கு அந்தக் கேள்வியும் உதவாது. அவர் முன்பும் விற்றிருப்பார், பின்பும் விற்றிருப்பார், அதை நான் மறைக்கப் போவதில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது, கேட்டு வந்த ஆளுக்கு இல்லை என்று சொல்ல அவருக்கு வழி இருந்ததா என்பது. வளவுக்குள் அப்புவின் சாதிக்காரனையே அனுப்பிக் கேட்டிருந்தால் அவர் “போடா” என்றிருப்பார். அது எக்சைஸ்காரருக்கும் தெரியும். தெரிந்ததால்தான் சால்வை வந்தது. திணைக்களத்துச் சட்டப் புத்தகத்தில் சாதி என்று ஒரு சொல் கிடையாது, ஆனால் பொறியின் விசை அதுதான்.

இதே குடாநாட்டில் ஒரு தலைமுறை கழித்து, இதே மாதிரி ஒரு ஆள் உள்ளே போய், இதே மாதிரி ஒரு பானம் கேட்டுப் பொறி வைத்த கதையும் இருக்கிறது. இந்தமுறை கேட்டவர்கள் எங்கள் ஆட்கள், கேட்ட இடம் தேநீர்க்கடை.

1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம், சாதி காரணமாகக் கடையிலோ உணவகத்திலோ ஒருவருக்கு இடம் மறுப்பதைக் குற்றமாக்கியது. குடாநாட்டின் கடைகளில் அப்போதைய வழக்கம்: உள்ளே கதிரை கிடையாது, கிளாஸ் கிடையாது. வெளியே நின்றால் பேணியிலோ வெறும் போத்தலிலோ தேத்தண்ணி வரும். சட்டம் வந்தும் வழக்குப் போட ஆள் இல்லை, மறுத்ததற்குச் சாட்சி வேண்டுமே. அகில இலங்கைச் சிறுபான்மைத் தமிழர் மகாசபை தேநீர்க்கடைப் பிரவேசத்தில் முன்னுக்கு நின்றது. அதன் தலைவர்களில் ஒருவரான எம். சி. சுப்பிரமணியம் 1970இல் நியமன நாடாளுமன்ற உறுப்பினரானார். 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் புறப்பட்ட ஊர்வலத்தோடு சண்முகதாசனின் சீனச் சார்புக் கம்யூனிஸ்ட் கட்சிக்காரர்கள் போராட்டத்தை வேறொரு வேகத்துக்குக் கொண்டுபோனார்கள். சங்கானை, கொடிகாமம் என்று கடை கடையாக நடந்தது. 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசல்.

என் சித்தப்பா அப்படி ஒரு கடைக்குள் போனவர். ஏற்பாடு எக்சைஸ்காரரையும் வென்றது. கட்சியிலிருந்த வெள்ளாளத் தோழர் ஒருவர் முன்கூட்டியே உள்ளே போய் வடை தின்றுகொண்டு பத்திரிகை விரித்திருப்பார். அவர்தான் சாட்சி. சித்தப்பா சலவைச் சேர்ட்டோடு போய் முன் மேசைக் கதிரையில் இருந்தார், “ஒரு பிளேன்ரீ” என்றார். கடைக்காரர் கேட்காத மாதிரி நின்றார். இரண்டாவது முறை கேட்டதும், “வெளியால வா, தாறன்” என்றார். வடை தின்றவர் பத்திரிகையை மடித்தார். சித்தப்பாவுக்கு அன்று விழுந்த அடியின் தழும்பு இடது புருவத்தில் இருந்தது. அது வேறு கதை.

இதுவும் பொறிதானே என்று என்னோடு வாதாடிய நண்பர்கள் உண்டு. தேத்தண்ணி குடிக்க ஆசைப்பட்டா போனான், வழக்குப் போடத்தானே போனான் என்பார்கள். உண்மை. அமெரிக்காவில் வீடு வாடகைக்கு விடுவதில் நிறபேதம் பார்க்கிறார்களா என்று அறிய, ஒரு கறுப்பரையும் ஒரு வெள்ளையரையும் தனித்தனியே அனுப்பிக் கேட்கச் செய்தார்கள். 1982இல் ஹேவன்ஸ் வழக்கில், வெறும் சோதனைக்காகப் போயிருந்தாலும் பொய்ப் பதில் பெற்ற கறுப்பருக்கு வழக்குத் தொடர உரிமை உண்டு என்று அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது. காரணம் விளங்குகிறது. கடைக்காரரைக் குற்றம் செய்யும்படி சித்தப்பா நெருக்கவில்லை. சட்டப்படி நடக்க அவருக்கு ஒரு கிளாஸும் கொஞ்சத் தேயிலையும் போதும். கேட்டவன் கீழே இருந்து கேட்டான், மறுக்கிற பலம் முழுக்கக் கேட்கப்பட்டவரிடம் இருந்தது. அப்புவின் வளவில் அது அப்படியே தலைகீழ்.

எழுபதுகளில் கள்ளு வழக்குகள் குறையத் தொடங்கின. 1972இல் சீவல் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் உருவாகி, கள்ளைச் சங்கமே வாங்கி விற்றது. சட்டத்துக்குள் நின்று தொழில் செய்ய ஒரு வழி பிறந்தது. 1978இல் பனை அபிவிருத்திச் சபை. அடுத்த வருடம் பயங்கரவாதத் தடைச் சட்டம், 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கம். அதன் 16ஆம் பிரிவுப்படி உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத ஒருவரிடம் செய்த ஒப்புதல் சான்றாகச் செல்லும். கள்ளு விற்றதைப் பற்றி எக்சைஸ்காரரிடம் சொன்னது செல்லாது, உயிரைக் குடிக்கும் குற்றத்தைப் பற்றித் தடுப்பறையில் சொன்னது செல்லும். பொறி வைத்துச் சாட்சி தேடுகிற சிரமம் தேவைப்படாத காலம் அது. அந்த வருடங்களைப் பற்றி இந்தக் கட்டுரையில் இதற்கு மேல் எழுதமாட்டேன்.

பொறி எல்லாம் பொல்லாதது என்று சொல்ல நான் வரவில்லை. 1954ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க இலஞ்சச் சட்டத்தை நான் மதிக்கிறேன். (முறைப்பாட்டுத் தொலைபேசி இலக்கத்துக்கும் 1954 என்றே வைத்திருக்கிறார்கள், யாரோ ரசனை உள்ளவர்.) இலஞ்சம் கொடுத்தவர் அந்த வழக்கில் தகுதியான சாட்சி, அவரைக் குற்றத்துக்குத் துணைபோனவராகக் கருதக்கூடாது என்று 79ஆம் பிரிவு சொன்னது. காணி உறுதிக்கோ கட்டட அனுமதிக்கோ உத்தியோகத்தர் காசு கேட்கிறார். கேட்கப்பட்டவர் முறையிடுகிறார். இலக்கம் குறித்த நோட்டோடு அவர் திரும்பிப் போகும்போது இலஞ்ச ஆணைக்குழு உத்தியோகத்தர் ஒருவர் உறவினர் மாதிரிக் கூடப் போகிறார். யாழ்ப்பாணத்தில் அந்த உறவினர் வாய் திறக்காமல் இருப்பது நல்லது, எங்கள் பேச்சு இரண்டு வசனத்தில் ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். இங்கே கோரிக்கை கதிரையில் இருப்பவரிடமிருந்து முதலில் வந்துவிட்டது. பொறி அதற்குப் பிறகுதான் வருகிறது. கதிரையில் இருப்பவருக்கு மறுக்கவும் முழு வசதி உண்டு. அரசாங்கம் சம்பளம் கொடுப்பதே அதற்குத்தான்.

இதிலும் எல்லை உண்டு. இந்தியாவில் விந்தியப் பிரதேச அமைச்சராக இருந்த ராவ் சிவ பகதூர் சிங், பன்னா வைரச் சுரங்க விவகாரத்தில் 25,000 ரூபாய் வாங்கியதாகப் பிடிபட்டார். 1954இல் இந்திய உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதிசெய்தது. ஆனால் கொடுக்க வசதியில்லாத ஒருவரிடம் பொலிஸே பணத்தைத் திணித்து இலஞ்சம் வாங்க வைப்பதற்கு நியாயம் இல்லை என்று அதே தீர்ப்பில் கண்டித்தும் வைத்தது. தண்டனையும் கண்டனமும் ஒரே தீர்ப்பில் இருந்ததால் கண்டனத்தை ஒருவரும் பெரிதாக எடுக்கவில்லை என்பது என் எண்ணம்.

இப்போது ஹெரோயினுக்கு வருவோம். போதைப்பொருள் சட்டத்துக்கு வந்த 1984ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தின் பின் இரண்டு கிராம் சுத்த ஹெரோயின் கையில் இருந்தால் மரண தண்டனை அல்லது ஆயுள். 1976க்குப் பிறகு இந்த நாட்டில் ஒருவரையும் தூக்கிலிடவில்லை என்பது வேறு, தீர்ப்பு தீர்ப்புத்தான். இந்தச் சட்டத்தில் நிறைதான் விதி. அரச பகுப்பாய்வாளரின் அறிக்கையில் உள்ள ஒரு தசமம் ஒரு இளைஞனின் ஆயுளைத் தீர்மானிக்கும். வாடிக்கையாளர் வேடத்தில் தொலைபேசியில் பேசுகிறவர் “இன்னும் கொஞ்சம் கூடத் தரமாட்டியா?” என்று கேட்கும்போது வாங்குவது தூள் மட்டுமல்ல, தண்டனையின் அளவும்தான். பேசுகிறவர் பெரும்பாலும் யார்? முந்தின கிழமை அரைக் கிராமோடு பிடிபட்டு, ஒரு ஆளைக் காட்டினால் பார்க்கலாம் என்று சொல்லப்பட்ட இன்னொரு பொடியன். காட்டப்படுகிறவன் அவனோடு கூடப் படித்தவன். பெரிய படகில் கொண்டுவந்து இறக்குகிறவர் அவனுக்குத் தெரியாது, தெரிந்தாலும் காட்டப் பயம். சால்வை இல்லை, நயினார் இல்லை. ஆனால் மறுக்க முடியாத ஆளைப் பார்த்து அனுப்புகிற கெட்டித்தனம் அப்படியே இருக்கிறது.

இங்கிலாந்து தன் நிலையை மாற்றிவிட்டது. 2001இல் லூஸ்லி வழக்கோடு சேர்த்துத் தீர்க்கப்பட்ட இன்னொரு வழக்கில், மாறுவேடப் பொலிஸார் ஒருவருக்கு மலிவு விலையில் கள்ளச் சிகரெட் கொடுத்துப் பழகி, பிறகு ஹெரோயின் எடுத்துத் தா என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். தனக்கு அதில் நாட்டமில்லை என்றவர் கடைசியில் எடுத்துக் கொடுத்தார். வழக்கை நிறுத்தியது சரி என்றது பிரபுக்கள் சபை. நாங்கள் இன்னும் 1883இல் நிற்கிறோம்.

சட்டம் திருந்தும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பருத்தித்துறையிலும் மல்லாகத்திலும் சாவகச்சேரியிலும் இப்போது தொழில் தொடங்கியிருக்கும் தம்பி தங்கைமாருக்குச் சொல்வது இதுதான். மாறுவேடச் சாட்சி கூண்டில் ஏறினால் முத்திரையையும் நோட்டு இலக்கத்தையும் பற்றிக் கேட்டுவிட்டு உட்காராதீர்கள். முதலில் கேட்டது யார், எத்தனை தரம் கேட்டார், எவ்வளவு கேட்டார், கேட்டவரைப் பொலிஸார் எப்படிப் பிடித்து அனுப்பினார்கள், எதிரிக்கும் அவருக்கும் என்ன உறவு என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். நீதவான் சலித்துக்கொள்வார், கேளுங்கள். பதில் பதிவேட்டில் ஏறினால் குறைந்தது தண்டனை அளவிலாவது வாதாட ஒரு பிடி கிடைக்கும். அப்புவின் வழக்கேட்டில் அப்படி ஒரு வரி இருந்திருந்தால் மேன்முறையீட்டுக்கு நானே போயிருப்பேன்.